இரு இருப்புப்பாதைகளுக்கு நடுவே ஓர் ஊர்

தொலைதூரப் புகைவண்டி ஒன்றைப் பற்றிப் பேசும்போது, அது புறப்படும் ஊரையும் சென்று சேரும் ஊரையும் சொல்லி நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். பெட்டியின் பெயர்ப்பலகையிலும் அவ்விரண்டு ஊர்களே எழுதப்பட்டிருக்கும். ஆயினும் வண்டியில் அமர்ந்திருப்போருள் பெரும்பாலோர் அவ்விரண்டு ஊர்களுக்கும் உரியவர் அல்லர். இடையில் எங்கோ ஏறி, இடையில் எங்கோ இறங்குவோரே மிகுதி. அவர்களிலும், நிலையமே இல்லாத ஊர்களிலிருந்து மாட்டுவண்டியிலோ பேருந்திலோ வந்து ஏறியவர் எத்தனையோ பேர். அவர்களுடைய ஊர்ப் பெயர் எந்தக் கால அட்டவணையிலும் இராது. அத்தகைய ஊர் ஒன்றில் நின்று நோக்கினால், நீண்ட இருப்புப்பாதைகளின் வரலாறு எவ்வாறு தோன்றும்? அதனையே இங்குக் காண்போம்.

அவ்வூர் கொழிஞ்சாம்பாறை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தில், பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில் அமைந்தது. வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய சுற்றுப்புற ஊர்களிலும் தமிழை வீட்டுமொழியாகக் கொண்டவர் பலர் வாழ்கின்றனர். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை உண்டு. கேரளத்தின் பிற பகுதிகளை நோக்க, இங்கே மழை குறைவு. ஆற்றுநீரையும் கால்வாயையும் நம்பியே வேளாண்மை. நிலம் கைவிட்ட ஆண்டுகளில் பிழைப்பைத் தேடி வெளியூர் செல்வது இம்மக்களுக்குப் புதிதன்று.

கொழிஞ்சாம்பாறையில் புகைவண்டி நிலையம் இல்லை. ஆனால் அதற்கு வடக்கே வாளையாறு, கஞ்சிக்கோடு வழியாக ஓர் இருப்புப்பாதை. தெற்கே மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு வழியாக மற்றோர் இருப்புப்பாதை. முன்னது 1862-இல் வந்தது. பின்னது 1932-இல் வந்தது. முன்னது அகலப்பாதை; பின்னது மீட்டர் பாதை. இவ்விரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு தண்டவாளத்தின் அகலத்தோடு நின்றுவிடவில்லை என்பதை மேலே காணலாம்.

முதலில் வடபாதையின் கதை. மேற்குத் தொடர்ச்சி மலை கன்னியாகுமரிக்கு அருகிலிருந்து குசராத்து எல்லை வரை ஒரு மதில்போல் நிற்கிறது. அம்மதிலில் பெரிய வாயில் ஒன்று உண்டெனில் அது பாலக்காட்டுக் கணவாயே. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்நிலம். வணிகரும் படைகளும் பன்னெடுங்காலம் பயன்படுத்திய இவ்வாயிலின் வழியே இருப்புப்பாதை அமைக்கச் சென்னை இரயில்வே கம்பெனி திட்டமிட்டது. 1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாசா வரை முதல் வண்டி ஓடியது. மறுமுனையில், 1861 மார்ச்சு 12 அன்று பேப்பூரிலிருந்து திரூர் வரை பாதை திறக்கப்பட்டது. இரண்டு முனைகளிலிருந்தும் வளர்ந்த பாதை, போத்தனூர் வழியாக 1862-இல் ஒன்றுசேர்ந்தது. வங்கக் கடற்கரைச் சென்னையும் அரபிக் கடற்கரைப் பேப்பூரும் ஒரே இருப்புப்பாதையால் இணைந்தன.

அதே காலத்தில் பம்பாய்க்கு அருகே போர்க்கணவாயில் மலையேறுவதற்குப் பட்ட பாட்டை ஒப்புநோக்கினால், பாலக்காட்டின் சிறப்பு விளங்கும். அங்கே 25 சுரங்கங்களைக் குடையவேண்டியிருந்தது. 37 அடிக்கு ஓர் அடி உயரும் கடுஞ்சரிவு. வண்டியைத் திருப்பி மறுபுறம் எஞ்சின் பூட்டி மேலேற்ற ஒரு நிலையம். அப்பணியில் மாண்ட தொழிலாளர் மிகப்பலர். 1863-இல்தான் அப்பாதை முடிந்தது. பாலக்காட்டிலோ இயற்கையே வழி விட்டிருந்தது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் ஒரு கடற்கரையையும் மறு கடற்கரையையும் இணைக்கும் முயற்சி அக்காலத்தில் நடந்தது. சீனரும் அயர்லாந்தினரும் பெருந்திரளாக உழைத்த அப்பாதை, 1869 மே 10 அன்று யூட்டாவில் பிராமண்டரி என்னும் இடத்தில் இணைந்தது. அதற்கு ஏழாண்டுகள் முன்பே தென்னிந்தியாவில் கடலும் கடலும் இணைந்துவிட்டன. இதைக் கேட்டு மகிழும் நாம் ஒன்றை மறத்தலாகாது: நாம் கடந்தது தீபகற்பத்தின் குறுகிய பகுதி, அவர்கள் கடந்தது ஒரு கண்டம். நோக்கமும் வேறு. அங்கே குடியேற்றத்துக்காகப் பாதை. இங்கே சரக்குக்காகவும் படைக்காகவும் பாதை. மக்கள் இத்துணைப் பெருந்திரளாக ஏறுவர் என்று பாதை அமைத்தோர் எதிர்பார்க்கவில்லை. மக்களோ அதனைத் தமதாக்கிக்கொண்டனர்.

பாதை நீள நீள, பாலக்காட்டில் ஏறியவர் செல்லக்கூடிய தூரமும் நீண்டது. சோலார்ப்பேட்டையில் வண்டி மாறினால், 1864 முதல் பெங்களூர். பௌரிங்பேட்டையிலிருந்து 1894-இல் கிளைப்பாதை சென்றபின், கோலார்த் தங்கவயல். 1871-இல் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் இராய்ச்சூரில் கூடின. அதன்பின் அரக்கோணத்தில் மாறி ஏறினால் பம்பாய். கோதாவரிப் பாலம் 1900-இல் திறக்கப்பட்டபின் கிழக்குக் கரையோரமாகக் கல்கத்தா. தங்கவயலின் சுரங்கத் தொழிலாளரும், தாராவியின் தோல் பதனிடுவோரும், மாதுங்காவின் எழுத்தரும் சுருக்கெழுத்தரும் இவ்வாறு சென்றவரே. இக்கட்டுரையை வெளி மாநிலத்தில் இருந்து படிக்கும் அன்பர்களின் குடும்பக் கதையும் பெரும்பாலும் இத்தகைய ஒரு சந்திப்பு நிலையத்தில்தான் தொடங்கியிருக்கும்.

நெடுந்தூர வண்டிகள் மனிதரை மட்டுமா மாற்றின? கடிகாரத்தையும் மாற்றின. ஊருக்கு ஊர் தனித்தனிச் சூரிய நேரம் வழங்கினால் வண்டிகளை ஓட்டுவது எங்ஙனம்? அமெரிக்க இரயில்வே கம்பெனிகள் 1883 நவம்பர் 18 அன்று நாட்டை நேர மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டன. இந்தியாவிலோ அதற்கு முன்பிருந்தே இருப்புப்பாதைகள் பின்பற்றியது சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் நேரத்தை. 1906-இல் இந்தியப் பொது நேரம் வரும்வரை, வடக்கே ஓடிய வண்டிகளுக்கும் நுங்கம்பாக்கத்துக் கடிகாரமே வழிகாட்டி.

வடபாதையின் நெடும்பயணங்களில் தலையாயது 1929-இல் நிகழ்ந்தது. காசிப்பேட்டைக்கும் பல்லார்சாவுக்கும் இடையே விடுபட்டிருந்த இணைப்பு அப்போதுதான் நிறைவுற்று, சென்னைக்கும் டில்லிக்கும் நேர்வழி பிறந்தது. அவ்வாண்டு தொடங்கிய கிராண்டு டிரங்கு விரைவு வண்டி, முதலில் சென்னைக்கும் டில்லிக்கும் இடையே ஓடவில்லை. மங்களூருக்கும் பெஷாவருக்கும் இடையே ஓடியது. பயண நேரம் 104 மணி. மங்களூரில் ஏறியவர் சொர்ணூர், ஒலவக்கோடு, போத்தனூர் வழியாகக் கணவாயைக் கடந்து, ஐந்தாம் நாளில் கைபர் கணவாயின் வாயிலில் இறங்கலாம். இன்று பாலக்காடு சந்திப்பு எனப்படும் ஒலவக்கோட்டின் நடைமேடையில் நின்றவருக்குப் பெஷாவர் ஒரே வண்டியின் தொலைவில் இருந்தது! இந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. மேட்டுப்பாளையத்துக்கும் லாகூருக்கும் இடையே சில காலம் ஓடியபின், 1930-இல் அவ்வண்டி சென்னை–டில்லி வண்டியாயிற்று. 1947-க்குப் பின் பெஷாவரும் லாகூரும் வேறு நாட்டின் ஊர்களாயின. தண்டவாளம் தொடர்ந்து கிடப்பினும், பயணம் எல்லையில் அறுந்துபோவது உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று.

இத்தகைய பயணங்கள் சுகமானவை அல்ல. மூன்றாம் வகுப்பில் பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்த காந்தியடிகள், 1917-இல் தம் அனுபவத்தை எழுதி வெளியிட்டார். 22 பேருக்கெனக் குறிக்கப்பட்ட பெட்டியில், பயணத்தின் பெரும்பகுதியிலும் 35 பேருக்குக் குறையாமல் இருந்தனர் என்கிறார். துப்புரவின்மையையும் உணவின் கேட்டையும் அவர் விரிவாகச் சாடுகிறார். இரயில்வேயின் வருவாய்க்கு மூன்றாம் வகுப்பினரே பெருந்துணை. அவர்களுக்கோ படுக்க இடமில்லை. அந்த மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் 1974-இல்தான் நீங்கியது.

இடநெருக்கடியைவிட உள்ளத்தைப் புண்படுத்தியது வேறொன்று. தென்னிந்திய இரயில்வேயின் உணவு விடுதிகளில் பிராமணருக்கு ஓரிடம், இதரருக்கு ஓரிடம் என்று பிரித்து வைத்திருந்தனர். ஒரே வண்டியில் ஒரே கட்டணம் செலுத்தி வந்தவர், நிலையத்தில் இறங்கியதும் பிறப்பால் பிரிக்கப்பட்டனர். தொடர்ந்த கிளர்ச்சியின் பயனாக 1941-இல் அப்பிரிவினை ஒழிந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கெனத் தனிப் பெட்டி இருந்தது. லூயிசியானாவில் அதை மறுத்து ஒருவர் வெள்ளையர் பெட்டியில் அமர்ந்ததால் எழுந்த வழக்கில், 1896-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் பிரிவினையின் பக்கமே நின்றது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் வண்டிகளில் அதனை நீக்கும் ஆணை பிறக்க 1955 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வளவு இழிவுக்கிடையிலும், 1910-க்கும் 1970-க்கும் இடையே ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கிலும் மேற்கிலும் குடியேறினர். மிசிசிப்பியின் பருத்திக் காட்டிலிருந்து சிக்காகோ சென்றவர்களுக்கு இருப்புப்பாதையே விடுதலை வழி. தாமிரபரணிக் கரையிலிருந்து தாராவிக்குச் சென்றவர்க்கும் அவர்க்கும் மொழி வேறு. மடியில் கட்டிய சோற்று மூட்டை ஒன்றே.

இனித் தென்பாதைக்கு வருவோம். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915-இல் மீட்டர் பாதை வந்தது. திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு 1928-இல் வந்தது. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு 1932-இல் வந்தது. பொள்ளாச்சியை விட்ட வண்டி மீனாட்சிபுரம் கடந்து, முதலமடையின் ஆலமர நிழலில் நின்று, கொல்லங்கோடு, புதுநகரம் வழியாகப் பாலக்காடு நகரத்தைத் தொடும். ஆனைமலைச் சாரலை ஒட்டிய அழகிய வழி அது. வேகம் மிகக் குறைவு.

ஆனால் அந்தச் சிறுபாதை எங்கே அழைத்துச் சென்றது என்பதைப் பாருங்கள். பழனி, திண்டுக்கல், மதுரை, இராமேசுவரம்! காவடி எடுப்போருக்கும், மகளைக் கிழக்கே கொடுத்தோருக்கும், பெண் எடுத்தோருக்கும், மதுரைச் சந்தைக்குச் செல்வோருக்கும், முன்னோர்க்குக் கடன் கழிக்கச் சேதுக்கரை செல்வோருக்கும் அதுவே வழி. வடபாதை கொழிஞ்சாம்பாறை மக்களைப் பிழைப்பிடம் சேர்த்தது. தென்பாதை அவர்களை உறவிடம் சேர்த்தது. ஒன்று வயிற்றுக்கு, மற்றொன்று வேருக்கு.

இப்பகுதியில் அரசியல் எல்லைகள் பலமுறை மாறியுள்ளன. சித்தூர் கொச்சி அரசுக்குரியது; பக்கத்துப் பாலக்காடோ சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளத்தில் இணைந்தன. மொழிவழி மாநிலம் என்னும் கோட்பாடு நன்றே. எனினும் எந்தக் கோட்டை எங்கே கிழித்தாலும் அதன் இருமருங்கும் சிலர் எஞ்சுவர். கொழிஞ்சாம்பாறையின் தமிழர் ஊரை விட்டுப் பெயராமலே வெளி மாநிலத் தமிழர் ஆயினர். அப்போதும் மீனாட்சிபுரத்தைக் கடந்து வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கோட்டுக்கு அப்பால் இருந்த உறவை அது நாள்தோறும் கொண்டுவந்து சேர்த்தது.

நாடெங்கும் ஒரே அகலப்பாதை என்னும் திட்டம் 1992-இல் தொடங்கியது. அதன்படி பாலக்காடு–பொள்ளாச்சி மீட்டர் பாதையில் 2008-இல் போக்குவரத்து நின்றது. அகலப்பாதையில் மீண்டும் வண்டி ஓடியது 2015-இல். இடையே ஏழாண்டுகள்! அமெரிக்காவிலும் இத்தகைய மாற்றம் ஒன்று நடந்தது. தென் மாநிலங்களில் ஐந்தடி அகலமாக இருந்த ஏறத்தாழ 11,500 மைல் பாதையை, 1886 மே 31, சூன் 1 ஆகிய இரண்டே நாள்களில் மாற்றிவிட்டனர். இவ்வொப்பீட்டில் நேர்மை வேண்டும். அங்கே ஒரு தண்டவாளத்தை மூன்று அங்குலம் நகர்த்தினாற் போதுமாயிருந்தது. அதற்கும் பல மாதம் முன்னதாக ஆயத்தம் செய்தனர். இங்கே பாலங்களையும் கட்டைகளையும் நடைமேடைகளையும் புதிதாக அமைக்கவேண்டியிருந்தது. ஆயினும் ஏழாண்டு என்பது ஒரு குழந்தை பிறந்து பள்ளி செல்லும் காலம். அக்காலம் முழுவதும் பழனிக்கும் மதுரைக்கும் சென்றவர் பேருந்தையே நம்பினர். மீட்டர் பாதைக் காலத்தில் இராமேசுவரத்துக்கு நேரே சென்ற தொடர்பும், அகலப்பாதை வந்த உடனே திரும்பிவிடவில்லை.

இடுக்கி எல்லையிலும் இதே கதைதான். தேவிகுளம், உடும்பன்சோலைப் பகுதிகளின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைக்கும் தமிழர், மலையிறங்கினால் காண்பது போடிநாயக்கனூர். மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் வந்த மீட்டர் பாதை 2010-இல் மூடப்பட்டது. அகலப்பாதை வண்டி போடியை அடைந்தது 2023-இல். பெரிய நகரங்களை இணைக்கும் பாதை ஒரு நாள் தடைப்பட்டால் நாளிதழ்கள் எழுதும். ஓரத்து ஊர்களின் பாதை பன்னிரண்டு ஆண்டு நின்றாலும் ஓரத்தில் உள்ளவரே அறிவர்.

பயணிகளைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கும் அமெரிக்காவே எடுத்துக்காட்டு. உலகிலேயே மிக நீண்ட இருப்புப்பாதைகளை உடைய நாடு அது. நெடுஞ்சாலையும் வானூர்தியும் வந்தபின் அங்கே பயணிகள் வண்டி நலிந்தது. தனியார் கம்பெனிகள் கைவிடவே, 1971 மே 1 முதல் ஆம்டிராக் என்னும் பொது நிறுவனம் அதனை ஏற்று நடத்துகிறது. சிக்காகோவிலிருந்து சான்பிரான்சிசுகோ விரிகுடா வரை ஏறத்தாழ 3,900 கிலோமீட்டரை இரண்டு பகலிரவுக்கு மேல் ஓடிக் கடக்கும் அதன் வண்டி, காட்சிக்குப் பெயர் பெற்றது. ஆயினும் அட்லாண்டிக் கரையில் ஏறியவர் ஒரே வண்டியில் பசிபிக் கரை சேர இன்று வழியில்லை. சிக்காகோவிலோ நியூ ஆர்லியன்சிலோ மாறி ஏறவேண்டும். நியூ ஆர்லியன்சிலிருந்து லாசு ஏஞ்சல்சு செல்லும் வண்டி வாரத்துக்கு மூன்று நாளே. வழியில் உள்ள சிற்றூருக்கு நள்ளிரவில் வரும் அந்த ஒரே வண்டியும் நின்றுவிடின், அவ்வூரார்க்கு வேறு பொதுப் போக்குவரத்தே இல்லாமற் போகலாம். அங்கும் துன்புறுவது முனையில் உள்ள நகரம் அன்று. இடையில் உள்ள ஊர்.

நம் வடபாதையில் அந்த நலிவு இல்லை. கன்னியாகுமரியிலிருந்து சம்முவுக்கு 1984-இல் தொடங்கிய இமசாகர் விரைவு வண்டி இக்கணவாய் வழியே சென்றது. இப்போது காத்ரா வரை செல்கிறது. அசாமின் திப்ருகட்டுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே 2011 முதல் ஓடும் விவேக் விரைவு வண்டியும் பாலக்காட்டைத் தொட்டே செல்கிறது. 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அவ்வண்டியே இந்தியாவின் மிக நீண்ட புகைவண்டிப் பயணம்.

அவ்வண்டியில் இன்று இறங்குவோர் யார்? அசாமியர், வங்காளிகள், ஒடியர், பீகாரிகள். கஞ்சிக்கோட்டின் ஆலைகளுக்கும் கோவையின் பட்டறைகளுக்கும் கட்டடப் பணிகளுக்கும் அவர்கள் வருகின்றனர். ஒரு காலத்தில் நம் முன்னோர் பம்பாயின் நடைமேடையில் மொழி அறியாமல் நின்றனர். அவ்வாறே இவர்கள் பாலக்காட்டில் நிற்கின்றனர். 2020-இல் கொள்ளைநோயின்போது வண்டிகள் நின்றபோது, நாடெங்கும் இத்தகையோர் நடந்தே ஊர் செல்ல முயன்றனர். வாளையாறு எல்லையிலும் அனுமதிச் சீட்டில்லாமல் மக்கள் தவித்து நின்றனர். ஊர் திரும்பும் வழி அடைபடுவது எத்தகைய துயரம் என்பதை அப்போது இரு மாநிலத்தாரும் கண்டனர்.

ஆகவே ஓர் இருப்புப்பாதையின் பெருமையை அதன் நீளத்தால் மட்டும் அளத்தல் போதாது. 104 மணி ஓடிய பெஷாவர் வண்டி மறைந்தது. 4,100 கிலோமீட்டர் ஓடும் வண்டி வந்தது. இவையெல்லாம் வியப்புக்குரியனவே. ஆனால் வீட்டை விட்டுச் சென்றவன் பொங்கலுக்குத் திரும்பி வருகையில், கடைசிப் பத்து மைலுக்கு ஒரு வண்டி உண்டா என்பதே அவனுடைய கேள்வி. தொலைவிடம் சேர்க்கும் பாதையைப் பேணுவதற்கு நகரங்கள் உண்டு, வணிகம் உண்டு. உறவிடம் சேர்க்கும் சிறுபாதையைப் பேணுவதற்கோ, அதனைப் பயன்படுத்துவோரின் குரல் அன்றி வேறு காவல் இல்லை.

திருவனந்தபுரத்தையும் மதுரையையும் இணைக்கும் அமிர்தா விரைவு வண்டி இப்போது இந்தத் தென்பாதை வழியே, பாலக்காடு, பொள்ளாச்சி, பழனி தொட்டுச் செல்கிறது. டில்லியிலோ மும்பையிலோ இருந்து வருபவர் பாலக்காட்டில் இறங்கி அதில் ஏறினால், பழனிமலை கண்ணுக்குத் தெரியும் வரை மீண்டும் வண்டி மாறவேண்டியதில்லை. கொழிஞ்சாம்பாறைக்கு இன்றும் நிலையம் இல்லை. ஆயினும் அதன் இருபுறத்துப் பாதைகளும் இன்று ஒரே அகலமுடையவை; இரண்டிலும் வண்டி ஓடுகிறது. அவை இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும் வரை, வெளியூர் சென்ற அவ்வூரார் தொலைவில் இருப்பர், தொடர்பற்றவர் ஆகார்.